கம்யூனிட்டி சர்டிபிகேட்டுக்கு இ-சேவை: வடசென்னைப் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் இ-சேவை மையங்களில் கூட்டம் கட்டி ஏறும். 69 சதவீத இடஒதுக்கீடு என்று மேடையில் பேசுவது ஒரு பிள்ளையின் கைக்கு வந்து சேர்வது சாதிச் சான்று என்னும் இந்த ஒரு தாளாகத்தான். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அப்பாவிடம் ஏற்கெனவே சர்டிபிகேட் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல சேவை. இல்லாத வீட்டுக்கு இன்னும் கரடுமுரடான பாதைதான்.

கட்டணம் 60 ரூபாய். முதலில் ஆதாரை வைத்து கேன் நம்பர் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்) போடுவார்கள். ஏற்கெனவே வருமானச் சான்று வாங்கியிருந்தால் நம்பர் இருக்கும், புதிதாகப் போட வேண்டாம். போட்டோ, ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பிள்ளையின் டிசி, அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்று, கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு கோப்பும் 200 கேபிக்குள் அடங்க வேண்டும். இங்கேதான் பாதி மனு கெடுகிறது. அளவைக் குறைக்கும்போது பழைய அட்டையில் கையால் எழுதிய சாதிப் பெயரும் ரப்பர் ஸ்டாம்பும் மங்கிப்போய், படிக்க முடியவில்லை என்று திரும்பி வந்துவிடும். அட்டையின் இரண்டு பக்கமும் கருப்பு வெள்ளையில் ஸ்கேன் ஆகட்டும். அனுப்பும் முன் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இருவரையும் தாண்டி மேலே போகும். பி.சி., எம்.பி.சி.க்குத் துணை தாசில்தார், எஸ்.சி.க்கு தாசில்தார், எஸ்.டி.க்கு ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) கையெழுத்து. முடிந்ததும் போனுக்குக் குறுஞ்செய்தி வரும், கியூஆர் கோடுடன் தாளை எடுத்துக்கொள்ளலாம். தாலுகா ஆபீஸ் வாசலில் புரோக்கரைத் தேடிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். மனு யாருடைய மேஜையில் நிற்கிறது என்பதை ஒப்புகை எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம்.

கவுன்ட்டரில் அதிகம் நடக்கும் தப்பு சாதிப் பெயரைத் தேர்ந்தெடுப்பதில். காசிமேட்டு வீடுகளில் அப்பாவின் அட்டையில் 'பட்டினவர்' என்று இருக்கும், ஆபரேட்டர் பட்டியலில் 'மீனவர்' என்று கண்ணில் பட்டதைத் தட்டிவிடுவார். இரண்டும் எம்.பி.சி.தான், ஆனாலும் பொருந்தாத மனுவை ஆர்.ஐ. திருப்பிவிடுவார். ஆதிதிராவிடர், பறையர் என இரண்டு விதமாக எழுதிவைத்திருக்கும் வீடுகளுக்கும் இதே கதிதான். இனிஷியலையும் பாருங்கள்: ஆதாரில் ஒன்று, டிசியில் ஒன்று என்றால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். திருவொற்றியூர், மாதவரம் தாலுகாக்கள் 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வந்தவை. அப்பாவின் சான்றில் பழைய மாவட்டப் பெயர் இருப்பது தவறில்லை, அதை மாற்றித் தரச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்குக் குடியிருக்கும் தாலுகாவில் விண்ணப்பித்தால் போதும்.

நரிக்குறவர், குருவிக்காரர் வீடுகளுக்குத் தனியாக ஒன்று. 2023 ஜனவரி முதல் இவர்கள் எஸ்.டி. பட்டியலில் இருக்கிறார்கள். அப்பாவின் சான்று எம்.பி.சி. என்றே இருக்கும், பிள்ளை ஆர்.டி.ஓ.விடம் எஸ்.டி. சான்று கேட்க வேண்டும். ஆர்.டி.ஓ. விசாரணைக்கு நாள் பிடிக்கும், அதனால் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

இப்போது எங்களுடைய முக்கியமான குறை. அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், சர்டிபிகேட் என்ற ஒன்று தேவைப்படாமலே மூட்டை தூக்கியவர். அவருடைய மகளிடம் இந்த முறை முதலில் கேட்பதே அப்பாவின் சர்டிபிகேட்டைத்தான். இரண்டாம் தலைமுறையாகக் கோட்டாவில் படிக்கும் வீட்டுக்குச் சில நாளில் கிடைப்பது, முதல் தலைமுறைக்கு அலைச்சலாகிறது. "தாத்தா காலத்து அநியாயத்துக்கு இன்றைய பிள்ளைகள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று கேட்பவர்களுக்கும் இந்த கவுன்ட்டரிலேயே பதில் இருக்கிறது. அநியாயம் தாத்தாவோடு முடியவில்லை, இல்லாத தாளாக வீட்டில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மீதி 31 சதவீதம் எல்லாச் சாதிக்கும் திறந்த இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்-ஆஃப் போதுமான எம்.பி.சி. பிள்ளை அந்த இடத்தில்தான் உட்காருகிறாள், எம்.பி.சி.க்கான 20 சதவீதத்தில் ஒன்றைக் குறைப்பதில்லை.

வழி இல்லாமல் இல்லை. சித்தப்பா, பெரியப்பா, கூடப்பிறந்தவர் சான்றுகளைத் துணை ஆவணமாக வையுங்கள். நேரில் விசாரித்துச் சான்று தரும் அதிகாரம் வருவாய்த் துறைக்கு உண்டு, அந்த விசாரணையை எழுத்தில் கேளுங்கள். கலப்புத் திருமணமாக இருந்தாலோ அப்பா குடும்பத்தை விட்டுப் போயிருந்தாலோ அம்மாவின் சாதியில் கேட்கலாம்.

வீட்டில் முதலாவதாகப் பட்டப் படிப்புக்குப் போகும் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை தரும் முதல் பட்டதாரிச் சான்றும் இதே கவுன்ட்டரில்தான். கவுன்சலிங்கில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும் கேட்பார்கள். சலுகை ஒரு வீட்டில் ஒரே பிள்ளைக்கு. அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்கு இல்லை. வருமானம் மாறாத வீட்டில் பிறந்த வரிசை மட்டும் கட்டணத்தைத் தீர்மானிப்பது சரியில்லை என்பதே எங்கள் எண்ணம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் தரும் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டிலும் இப்படி ஒரு கோடு விழுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் கிடைக்கும், மாநகராட்சிப் பள்ளியும் அதில் அடங்கும். ஆனால் ராயபுரத்து உதவிபெறும் பள்ளியில் படித்த மீனவப் பிள்ளைக்குக் கிடையாது. சேர்க்கும்போதே இதைப் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பக்கம் போகிறவர்களுக்கு மாநில பி.சி., எம்.பி.சி. சான்று உதவாது, மத்திய அரசு ஒதுக்கீட்டுக்கான ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று தனியாக எடுக்க வேண்டும். மாநிலச் சான்று ஆயுளுக்கும் செல்லும், இதுவோ அந்த வருடம் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். வசதி படைத்தவர்கள் ('கிரீமி லேயர்') என்று இந்த ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவதற்கான 8 லட்ச ரூபாய் வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. துறைமுகத்தில் சம்பளம் வாங்கும் அப்பாவின் பிள்ளையை 'கிரீமி லேயர்' என்று சொல்லி கவுன்ட்டரிலேயே திருப்பினால், மனுவை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். தகுதியை முடிவு செய்வது தாசில்தாரின் வேலை, ஆபரேட்டரின் வேலை இல்லை.