ஜிஎஃப்எக்ஸ் உடலில் மாமியா 645 லென்ஸ்கள்: எதை வாங்கலாம், அடாப்டரில் எதைப் பார்க்க வேண்டும்

35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய சென்சார் கொண்ட ஃபூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் கேமரா உடல்கள் செகண்ட் ஹேண்டில் ஓரளவு எட்டும் விலைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கென்றே ஃபூஜி செய்யும் ஜிஎஃப் லென்ஸ்கள் இன்னும் அப்படி வரவில்லை. ஆட்டோஃபோகஸ் இல்லாமல் வேலை செய்யத் தயாராக இருப்பவர்களுக்குப் பழைய மேனுவல் லென்ஸ்கள் நல்ல வழி. அவற்றில் முதலில் தேட வேண்டியது, 645 என்ற பெரிய ஃபிலிம் அளவுக்காகச் செய்த மாமியா 645 வரிசை என்பதே எங்கள் முடிவு. ஆனால் படம் எப்படி வரும் என்பதை லென்ஸைவிட நடுவில் மாட்டும் அடாப்டர்தான் அதிகம் தீர்மானிக்கிறது. லென்ஸைத் தேடிப் பல வாரம் அலைகிறவர்கள், அடாப்டர் என்று வரும்போது கிடைத்ததில் மலிவானதை வாங்கிவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

மாமியா 645 ஏன் என்று முதலில் பார்ப்போம். ஜிஎஃப்எக்ஸ் சென்சாரின் அளவு 43.8 x 32.9 மி.மீ.; மூலைக்கு மூலை சுமார் 55 மி.மீ. 35 மி.மீ. ஃபிலிமுக்காகச் செய்த லென்ஸ் 43 மி.மீ. விட்டமுள்ள பிம்ப வட்டத்தை (லென்ஸ் உள்ளே விழச்செய்யும் வட்டப் படத்தை)த் தந்தால் போதும் என்றுதான் வடிவமைக்கப்பட்டது. 645 ஃபிலிம் சட்டமோ 56 x 41.5 மி.மீ., குறுக்களவு சுமார் 70 மி.மீ. அதனால் மூலை கறுக்குமோ என்ற கவலையே இல்லை. மிச்சமிருக்கும் இடம் வீணும் இல்லை. ஷிஃப்ட் அடாப்டர் போட்டால், கேமராவைக் கிடைமட்டமாக வைத்த நிலையில் பக்கவாட்டில் சுமார் 9 மி.மீ., மேல்கீழாகச் சுமார் 11 மி.மீ. லென்ஸை நகர்த்தலாம். கட்டடங்களைப் படமெடுப்பவர்களுக்கு இது பெரிய லாபம்.

வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். செகார் சி, என், ஏ என்று குறித்த மேனுவல் லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையம், அதாவது ஒளி நுழையும் திறப்பைக் கையால் மாற்றும் வளையம், உண்டு. பின்னால் வந்த 645 ஏஎஃப் லென்ஸ்களில் அது இல்லை. அப்பர்ச்சரைக் கேமரா மின்சாரத்தால் இயக்கும். சாதாரண அடாப்டரில் அவை முழுத் திறப்பிலேயே நின்றுவிடும். விளம்பரத்தில் "மாமியா 645" என்று மட்டும் போட்டிருந்தால், வளையம் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

வரிசையிலேயே அதிகம் பேசப்படுவது 80 மி.மீ. எஃப்/1.9. ஜிஎஃப்எக்ஸில் இதன் பார்வைக் கோணம் 35 மி.மீ. கணக்கில் 63 மி.மீ. லென்ஸுக்குச் சமம். முழுத் திறப்பில் ஒளிப்பகுதிகளைச் சுற்றி மெல்லிய புகைபோல ஒரு படலம் வரும். ஃபோகஸுக்கு முன்னால் உள்ள உலோக விளிம்புகளில் ஊதாவும் பின்னால் உள்ளவற்றில் பச்சையும் தெரியும். முகப்படங்களுக்கு இது அழகு. நகைப் படங்களுக்குத் தொல்லை. எஃப்/2.8-இல் படலம் குறைகிறது, எஃப்/4-இல் நடுப்பகுதி நன்றாகக் கூர்மையாகிவிடுகிறது. மூலைகளும் சேர்ந்து வர எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை போக வேண்டும். எஃப்/11-ஐத் தாண்டினால் 100 மெகாபிக்சல் சென்சாரில், சிறிய திறப்பில் ஒளி பரவிக் கூர்மை குறையும் டிஃப்ராக்‌ஷன் கண்ணுக்கே தெரியும்.

இந்த லென்ஸில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்துவிட்டு அப்பர்ச்சரை மூடினால் கூர்மைத் தளம் சற்று இடம்பெயரும். அதனால் எஃப்/4 வரைக்கும் எந்த அப்பர்ச்சரில் எடுக்கப்போகிறீர்களோ அதிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் பக்கத்தில் ஏ, எம் என்று குறித்த சிறு நெம்புகோல் இருக்கும். எம்-இல் வைத்தால்தான் வளையத்தில் வைத்த அளவுக்கு அப்பர்ச்சர் மூடும். ஏ-இல் இருந்தால் திறந்தே கிடக்கும். வளையத்தை எஃப்/8-இல் வைத்தும் எஃப்/1.9-இன் ஆழம்தான் கிடைக்கிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த நெம்புகோலை. எஃப்/8, எஃப்/11-இல் எடுக்கும்போது இதுவே வசதியாகிவிடுகிறது: ஏ-க்குத் தள்ளி வெளிச்சமான திரையில் ஃபோகஸ் செய்யலாம், பிறகு எம்-க்குத் தள்ளிப் படமெடுக்கலாம்.

மற்றவற்றில் 120 மி.மீ. எஃப்/4 மேக்ரோ ஏ தயங்காமல் வாங்க வேண்டியது. 1:1 வரை நெருங்கும். 100 மெகாபிக்சலிலும் சோர்வதில்லை. 55 மி.மீ. எஃப்/2.8, 150 மி.மீ. எஃப்/3.5 இரண்டும் சிறியவை, மலிவானவை, அன்றாட வேலைக்குப் போதும். 80 எஃப்/2.8 சி, 55, 150 மூன்றுக்கும் ஒரே 58 மி.மீ. ஃபில்டர் என்பது கூடுதல் வசதி. அகலக் கோணத்தில்தான் இந்த வரிசை தளர்கிறது. 35 மி.மீ. எஃப்/3.5-இன் ஓரங்கள் எஃப்/8-இலும் 50 மெகாபிக்சல் உடலுக்கே சற்றுக் குறைவுதான். அகலக் கோணம் வேண்டுவோர் அந்த ஒரு லென்ஸை மட்டும் ஜிஎஃப் வரிசையிலேயே வாங்குவது நல்லது.

இனி அடாப்டர். மாமியா 645-இன் ஃப்ளாஞ்ச் தூரம் (லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரையுள்ள தூரம்) 63.3 மி.மீ.; ஜிஎஃப்எக்ஸின் தூரம் 26.7 மி.மீ. இரண்டுக்கும் இடையிலுள்ள 36.6 மி.மீ.தான் அடாப்டரின் நீளம். கண்ணாடியோ மின்னிணைப்போ இல்லாத வெறும் உலோகக் குழாய். இதில் தப்பாக என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். மூன்று இடத்தில் தப்பும்.

முதலாவது நீளம். 80 மி.மீ. லென்ஸில் அடாப்டர் 0.1 மி.மீ. கூடுதலாக இருந்தால், வளையத்தை இன்ஃபினிட்டி வரை திருப்பினாலும் கூர்மை சுமார் 64 மீட்டரிலேயே நின்றுவிடும். 55 மி.மீ. லென்ஸானால் 30 மீட்டரில். தூரத்து மலையோ கோபுரமோ எந்நாளும் தெளியாது. இதற்கு அஞ்சியே பல தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே 0.1, 0.2 மி.மீ. குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது இன்ஃபினிட்டி கிடைக்கும், ஆனால் வளையம் முட்டும் இடத்துக்கு முன்பே கிடைக்கும். தூர அளவுகோல் பொய் சொல்லும். சோதிக்க, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் கோபுரத்தைக் காலை வேளையில், வெயிலில் காற்று அலையடிக்கும் முன், டிரைபாடில் வைத்து முழு உருப்பெருக்கத்தில் பாருங்கள். குட்டையான அடாப்டரைச் சரிசெய்யலாம். லென்ஸ் பக்க வளையத்தின் திருகுகளைக் கழற்றி, அடியில் 0.05 மி.மீ. பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, மறுபடி சோதித்து, தேவையானால் இன்னொன்று சேர்க்க வேண்டும். நீளமான அடாப்டரைத் திருப்பி அனுப்புவதே வழி.

இரண்டாவது சாய்வு. இதைத்தான் பலர் லென்ஸின் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடாப்டரின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 0.05 மி.மீ. தடிமனாக இருந்தால், எஃப்/2.8-இல் படத்தின் இடது, வலது ஓரங்களில் ஒரு புள்ளி சுமார் 6 மைக்ரானுக்குப் பரவும். ஜிஎஃப்எக்ஸ் 100எஸ்-இன் பிக்சல் 3.76 மைக்ரான்தான். ஃபோகஸை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு பக்கம் மங்கும். 25–50 மி.மீ. மைக்ரோமீட்டர் கொண்டு நான்கு இடத்தில் அளந்தால் உண்மை தெரிந்துவிடும், 0.02 மி.மீ.க்குள் வேறுபாடு இருந்தால் வைத்துக்கொள்ளலாம். மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால், தொலைவிலுள்ள ஒரே காட்சியை முதலில் இடது ஓரத்திலும் பிறகு வலது ஓரத்திலும் வருமாறு எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று லென்ஸ்களில் ஒரே பக்கம் மங்கினால் குற்றவாளி அடாப்டர். ஒரு லென்ஸில் மட்டும் என்றால் அந்த லென்ஸ்.

மூன்றாவது உள்சுவரின் பளபளப்பு. 70 மி.மீ. வட்டத்தில் சென்சாருக்கு வேண்டாத வெளிச்சமெல்லாம் குழாயின் சுவரில் பட்டுத் தெறிக்கிறது. வழுவழுப்பான கறுப்பு பெயின்ட் சாய்ந்து வரும் ஒளிக்குக் கண்ணாடி மாதிரி. ஜன்னலை எதிரில் வைத்து எடுத்தால் படத்தின் நடுவில் வெளுத்த திட்டு விழும், கறுப்பு சாம்பலாகும். பழைய லென்ஸ் என்றால் கான்ட்ராஸ்ட் குறைவுதான் என்று விட்டுவிடாதீர்கள். பல நேரம் இதனால்தான். வெல்வெட் மாதிரி இழைகள் நிறைந்த, ஒட்டும் பசையுள்ள கறுப்பு ஃப்ளாக் தாளை அளவாக வெட்டி உள்சுவரில் ஒட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். லென்ஸின் பின்பகுதி உள்ளே நுழையும் இடத்தில் 2–3 மி.மீ. விட்டுவிடுங்கள். ஒட்டும் முன் செல்லோடேப்பால் பலமுறை ஒற்றி உதிரும் இழைகளை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவை சென்சாரில் போய் உட்காரும். முடிந்ததும் வெள்ளைச் சுவரை எஃப்/16-இல் எடுத்து, மூலை எதையும் தாள் மறைக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

கேமராவில் இரண்டு அமைப்புகள் கட்டாயம். "ஷூட் வித்அவுட் லென்ஸ்" ஆன் ஆக வேண்டும்; இல்லையெனில் ஷட்டரே இயங்காது. அடுத்து மவுன்ட் அடாப்டர் செட்டிங்கில் குவியத் தூரத்தைப் பதிய வேண்டும். 100எஸ், 50எஸ் II போன்ற உடல்களில் உள்ள நடுக்கத் தடுப்பு இந்த எண்ணை நம்பித்தான் இயங்குகிறது. 150-ஐக் கழற்றி 55-ஐ மாட்டிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால், சென்சார் தேவைக்கு மேல் நகர்ந்து படத்தை அதுவே கலைக்கும். கூர்மையான விளிம்புகளைத் திரையில் வண்ணமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் நம்பாதீர்கள். அது உண்மையான கூர்மையைவிட அகலமான பகுதிக்கு வண்ணம் பூசும். பீக்கிங்கில் கிட்டே வந்து, உருப்பெருக்கத்தில் முடியுங்கள். வெயிலில் எஃப்/1.9-இல் எடுக்கும்போது எலக்ட்ரானிக் ஃப்ரண்ட் கர்ட்டனை (பதிவைச் சென்சாரே தொடங்கி, ஷட்டர் திரை முடிக்கும் முறையை) விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். ஷட்டர் வேகம் கூடும்போது எலக்ட்ரானிக் ஃப்ரண்ட் கர்ட்டன் பின்னணியின் ஒளிவட்டங்களை வெட்டிவிடும்.

இதே அளவு சென்சார் கொண்ட ஹாசல்பிளாட் எக்ஸ் உடல் வைத்திருப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அதில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபோகல் பிளேன் ஷட்டர் கிடையாது, ஷட்டர் லென்ஸுக்குள்தான். அடாப்டர் போட்டால் எலக்ட்ரானிக் ஷட்டர் மட்டுமே. அந்த வரிசையின் எக்ஸ்1டி-யில் சென்சாரை வாசித்து முடிக்க ஒரு வினாடியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. காற்றில் ஆடும் கிளை வளைந்து விழும், எல்இடி விளக்கில் பட்டை பட்டையாக வரும். அசையாத பொருளுக்கும் நிலக்காட்சிக்கும் சரி, ஆட்களை எடுக்கச் சரிவராது.

மாமியாவைத் தாண்டிப் போனால் பென்டாக்ஸ் 67-இன் 105 மி.மீ. எஃப்/2.4 அருமையான லென்ஸ். ஆனால் அதன் அடாப்டர் மட்டுமே 58 மி.மீ. நீளம். டிரைபாட் கால் வைத்த அடாப்டரையே வாங்குங்கள், இல்லையெனில் எடை முழுவதும் கேமரா மவுன்டில் தொங்கும். டகுமார் என்ற பெயரில் வந்த இதன் பழைய பதிப்புகளில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதால் மஞ்சளேறியிருக்கும். 35 மி.மீ. ஃபிலிமுக்கான லென்ஸ்களில் நிக்கான் பிசி-நிக்கோர் 35 எஃப்/2.8 ஷிஃப்டுக்காகவே பெரிய வட்டத்தோடு செய்யப்பட்டதால் நன்றாகப் பொருந்தும். நிக்கோர் 105 எஃப்/2.5 மாதிரி 85 முதல் 135 வரையுள்ளவை பெரும்பாலும் ஒப்பேறும். முழுத் திறப்பில் மென்மையாக மங்கும் மூலை, அப்பர்ச்சரை மூட மூடக் கறுப்பாக வெட்டப்பட்டுத் தெரியும் என்பதால், கடையில் சோதிக்கும்போது எஃப்/8-இலும் இன்ஃபினிட்டியிலும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதில் மூலை போனால் படத்தை 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கு வெட்டும் 35 மி.மீ. ஃபார்மட் மோடைப் போடலாம். 100 மெகாபிக்சல் உடலில் அப்போதும் 60 மெகாபிக்சல் கிடைக்கும்.