எஸ்எஸ்டி லேப்டாப்பில் லினக்ஸ் போடக் கடையில் கொடுக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் கூடவே லினக்ஸும் (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டுத் தரச் சொல்லி ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். லேப்டாப்பில் இருந்ததை எல்லாம் அழித்தார்கள். எடுக்காத பேக்கப்புக்குப் பில் போட்டார்கள். அழிந்ததை மீட்டுத் தருகிறோம் என்று அதற்கும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அவர்கள் சொன்ன பொய்கள் ஒவ்வொன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தன. விஷயம் தெரியாவிட்டால் யாரும் நம்பிவிடுவார்கள். அதனால்தான் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

நான் கேட்டது பெரிய வேலை இல்லை. 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் ஃபிளாஷ் மெமரி டிரைவ்), சி டிரைவில் பாதிக்கு மேல் காலி. அதைச் சுருக்கி 120 ஜிபி ஒதுக்கி அங்கே உபுண்டு என்ற லினக்ஸைப் போட வேண்டும், விண்டோஸில் கை வைக்கக் கூடாது. வாயால் சொன்னதோடு விடாமல், ஜாப் ஷீட்டிலும் "விண்டோஸ், டேட்டா இரண்டும் அப்படியே இருக்க வேண்டும்" என்று எழுத வைத்தேன். "எதுக்கும் ஒரு பேக்கப் எடுத்துட்டு ஆரம்பிக்கிறோம் சார்" என்று அவர்களாகவே சொல்லி அதற்குத் தனியாக ஒரு தொகையும் சேர்த்தார்கள். பழைய ஃபைல்கள் என் எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருந்தன. ஒரு நீளமான மொழிபெயர்ப்பில் கடைசி சில வாரங்களாகச் செய்த திருத்தங்கள் மட்டும் லேப்டாப்பில் இருந்தன. பேக்கப்புக்குக் காசு கொடுத்ததே அதற்காகத்தான்.

திரும்ப வாங்கி ஆன் செய்தபோது விண்டோஸா உபுண்டுவா என்று கேட்கும் திரை ஒழுங்காக வந்தது. உபுண்டுவும் திறந்தது. விண்டோஸுக்குள் போனால் என் பெயர் இல்லை. 'யூசர்' என்று ஒரு அக்கவுன்ட், நீல நிற வால்பேப்பர், ரீசைக்கிள் பின்னைத் தவிர எதுவும் இல்லாத டெஸ்க்டாப். டாக்குமென்ட்ஸ் காலி. கவுன்டரில் இருந்தவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "உங்க விண்டோஸ் ஏற்கெனவே கரப்ட் ஆகியிருந்துச்சு சார், ஃப்ரெஷ்ஷா போட்டுட்டோம்" என்றார். பேக்கப் எங்கே என்று கேட்டேன். "டிரைவ் ரீட் ஆகல, எஸ்எஸ்டி வீக்கா இருக்கு, புதுசு மாத்திடுறது நல்லது" என்றார். அடுத்த மூச்சிலேயே, "கவலைப்படாதீங்க, ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கு, எடுத்துடலாம்" என்று அதற்கு ஒரு தொகை சொன்னார்.

அன்றைக்கு அந்த அட்வான்ஸைக் கட்டிவிட்டுத்தான் வந்தேன். கேட்ட விதத்தில் ஒரு மிரட்டல் இருந்தது: "லேட் பண்ணா ஓவர்ரைட் ஆயிடும் சார்."

இந்தப் பேச்சு ஹார்ட் டிஸ்க் காலத்துப் பேச்சு. அங்கே க்விக் ஃபார்மேட் செய்தாலும் ஃபைல் எங்கே இருக்கிறது என்கிற குறிப்புதான் போகும். உள்ளே இருக்கும் டேட்டா, அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் அப்படியே கிடக்கும். ரெக்கவரி சாஃப்ட்வேர் அதைத் தேடி எடுத்துவிடும். எஸ்எஸ்டி அப்படி வேலை செய்வதில்லை. ஃபிளாஷ் மெமரியில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு பிளாக்கை மொத்தமாக அழித்தாக வேண்டும். அதனால் "இந்த இடங்கள் இனி வேண்டாம்" என்று ஆபரேட்டிங் சிஸ்டம் எஸ்எஸ்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடும். இதற்குப் பெயர் டிரிம். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலே இது உண்டு. லினக்ஸில் புதிதாக ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் (லினக்ஸுக்கான டிரைவ் பகுதி) உருவாக்கும்போதும், விண்டோஸில் க்விக் ஃபார்மேட் கொடுக்கும்போதும் அந்தப் பகுதி முழுவதற்கும் டிரிம் போய்விடும். அதன் பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலான எஸ்எஸ்டிக்கள் வெறும் பூஜ்யங்களைத்தான் தரும். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கண்ட்ரோலர் சிப் தன் வசதிப்படி உள்ளே இருப்பதையும் அழித்துவிடும். சாதாரணக் கடையில் ஓடும் எந்த சாஃப்ட்வேராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. அந்த டிரைவ் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் என்கிரிப்ட் ஆகியிருந்தது. டேட்டாவைத் திறக்கும் உண்மையான கீ அந்தப் பார்ட்டிஷனுக்குள்ளேயே சில இடங்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். நம்மிடம் இருக்கும் 48 இலக்க எண் அந்தப் பூட்டைத் திறப்பதற்குத்தான். ஃபார்மேட்டில் அந்த இடங்கள் எல்லாம் போய்விட்டால், 48 இலக்கமும் கையில் இருந்தாலும் பெட்டியே இல்லாமல் சாவியை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது போலத்தான்.

இது எல்லாம் அவர்களுக்குத் தெரியாதா? தெரியும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் மறுபடி போனபோது "பாருங்க சார், ஆயிரக்கணக்கில் ஃபைல் வருது" என்று ஒரு திரையைக் காட்டினார்கள். பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. படங்கள் என்ற ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். உள்ளே முதலில் இருந்தது ஐஎம்ஜி0 என்ற படம். விண்டோஸோடு வரும் அதே நீல வால்பேப்பர். அதற்குக் கீழே பட்டன்கள், சின்னச் சின்ன ஐகான்கள், பிரவுசர் லோகோ. டாக்குமென்ட் என்று காட்டியவை எல்லாம் ஏதோ டிரைவரின் லைசென்ஸ் ஒப்பந்தங்கள். அவர்கள் புதிதாகப் போட்ட விண்டோஸின் ஃபைல்களையே எண்ணி, என் ஃபைல்கள் என்று எனக்குக் காட்டினார்கள். என் பெயரில் ஒரு ஃபைலாவது இருக்கிறதா, ஒன்றைத் திறந்து காட்டுங்கள் என்றேன். "ஸ்கேன் முடியட்டும்" என்றார்கள். ரெக்கவரி என்று யாராவது காசு கேட்டால் இதை அவசியம் கேளுங்கள். நீங்கள் உருவாக்கிய ஒரு ஃபைல் உங்கள் கண் முன்னால் திறக்க வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

உண்மையில் நடந்தது என்ன என்பதை அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி பிறகு சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உபுண்டு இன்ஸ்டாலரை ஓட்டியதும், லேப்டாப்பில் இன்டெல் ஆர்எஸ்டி (டிரைவைக் கையாளும் இன்டெலின் ஒரு முறை) ஆன் ஆகியிருக்கிறது, அணைத்தால்தான் தொடர முடியும் என்று நின்றுவிட்டது. எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியவில்லை. பயாஸில் (விண்டோஸுக்கும் முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸில்) போய் அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினார்கள். நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் கணினி தொடங்கும்போது அனுமதிக்கும் செக்யூர் பூட்டையும் அணைத்தார்கள். அடுத்த முறை விண்டோஸ் திறக்காமல் பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்டது. விண்டோஸ் கரப்ட் ஆகவே இல்லை. பயாஸில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பிட்லாக்கரின் கீயைக் காக்கும் டிபிஎம் சிப் கண்டுகொண்டு டிரைவைத் திறக்க மறுத்தது, அவ்வளவுதான். அதன் வேலையே அதுதான். மாற்றியதைத் திரும்பப் பழையபடி வைத்திருந்தாலே திறந்திருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் எனக்கு ஒரு போன். அந்த 48 இலக்க கீ என் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருந்தது. லாகின் செய்து வாசித்துக் காட்டப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "வேலை நிறைய இருக்கு, ஃபார்மேட் போட்டுடு" என்று மேலே இருந்தவர் சொன்னாராம்.

அந்த ஒரு போனைச் செய்யாததைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. லேப்டாப்பைக் கொடுத்தபோது என் நம்பரை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கியது எதற்கு?

வீட்டுக்கு வந்து நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கமாண்ட் பிராம்ப்டில் சிஸ்டம்இன்ஃபோ என்று அடித்தால் 'ஒரிஜினல் இன்ஸ்டால் டேட்' என்று ஒரு வரி வரும். லேப்டாப் அவர்களிடம் இருந்த நாள்தான் அதில் இருந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கம்பெனி வைத்திருந்த ரெக்கவரி பார்ட்டிஷன் இல்லை. டிரைவை முழுதாகத் துடைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எஸ்எஸ்டி வீக் என்றார்களே, டிரைவ் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஆயுளில் தேய்ந்தது 2 சதவீதம், மீடியா எரர் 0. கொடுப்பதற்கு முன்பே சீரியல் நம்பரைக் குறித்து வைத்திருந்ததால் எஸ்எஸ்டியை மாற்றவில்லை என்பதும் தெரிந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். (512 ஜிபி வாங்கியது விண்டோஸில் 476 என்று காட்டுவதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள். அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம், திருட்டு இல்லை.)

அப்புறம் லைசென்ஸ். லேப்டாப்போடு வந்தது விண்டோஸ் ஹோம். அதன் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கும். அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், காசு கிடையாது. இவர்கள் போட்டிருந்தது ப்ரோ. எஸ்எல்எம்ஜிஆர் (slmgr) கட்டளையை டிஎல்வி என்ற ஆப்ஷனோடு ஓட்டினால் லைசென்ஸ் எந்தச் சேனலில் வந்தது என்று காட்டும். கம்பெனி விண்டோஸ் என்றால் ஓஇஎம் டிஎம் என்று இருக்க வேண்டும். எனக்கு வந்தது வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட். பெரிய நிறுவனங்களுக்கான லைசென்ஸ் முறையை ஏமாற்றும் திருட்டு ஆக்டிவேட்டர் என்று சந்தேகம் வந்தது. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் விதிவிலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரும் இருந்தது. அங்கே வைரஸ் ஸ்கேன் போகாது. காசு கொடுத்து வாங்கிய அசல் விண்டோஸை அழித்துவிட்டு இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பேங்க் வேலையை இதில் எப்படிச் செய்வது?

கடையில் கடைசியாகச் சொன்ன காரணம் "விண்டோஸ் அப்டேட்தான் பண்ணிடுச்சு". 2024 ஆகஸ்ட் அப்டேட்டால் டூயல் பூட் (ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்) வைத்திருந்த பலருக்குப் பிரச்சினை வந்தது உண்மை. ஆனால் அப்போது திறக்காமல் போனது லினக்ஸ், செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்த கணினிகளில். விண்டோஸில் இருந்த ஃபைல்கள் அதனால் அழியவில்லை.

நீங்கள் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் (இதுவும் பிட்லாக்கர்தான்) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். நாம் ஆன் செய்யாமலே ஆகியிருக்கலாம். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு புதிதாக செட்டப் செய்யும் பெரும்பாலான லேப்டாப்களில் அது தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. 48 இலக்க கீயைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். இன்னும் நல்லது, என்கிரிப்ஷனை அணைத்து, டிரைவ் முழுதும் டிகிரிப்ட் ஆகி முடிந்த பிறகு கொடுப்பது. இடம் ஒதுக்குவதை நீங்களே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்துச் செய்துவிடலாம். கேட்கும் அளவுக்குச் சுருங்கவில்லை என்றால் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் மாதிரி நகராதவை வழியில் இருக்கின்றன என்று அர்த்தம். அவற்றைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் நடக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள். அது ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுதினால் டேட்டா கெடலாம்.

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி தெரியலைன்னா என்ன செய்வீங்க?" ஆர்எஸ்டியை மாற்றும் முன் விண்டோஸை சேஃப் மோடில் (அவசியமான டிரைவர்களோடு மட்டும்) திறக்கும்படி வைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு தடவை திறந்து, பிறகு சாதாரணமாகத் திறக்க வேண்டும் என்று சொன்னால் வேலை தெரிந்தவர். "அதெல்லாம் ஃபார்மேட் போட்டுப் பார்த்துக்கலாம்" என்றால் லேப்டாப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டும் என்பவரிடமும் கவனம். உபுண்டுவும், ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸும் அது ஆன் ஆகியிருக்கும்போதே இன்ஸ்டால் ஆகும்.

ஜாப் ஷீட்டையும் இன்ஸ்டால் தேதியையும் லைசென்ஸ் திரையையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் வைத்த பிறகு, பேக்கப்புக்கு வாங்கிய பணத்தையும் ரெக்கவரி அட்வான்ஸையும் திருப்பிக் கொடுத்தார்கள். இன்ஸ்டால் செய்த கூலியைத் தர மறுத்துவிட்டார்கள். "லினக்ஸ் ஓடுதுல்ல சார்" என்றார்கள். லேப்டாப் கம்பெனி தரும் ரெக்கவரி இமேஜை வைத்து அசல் விண்டோஸை நானே போட்டேன், பக்கத்தில் உபுண்டுவையும் போட்டேன். திருத்தங்களை முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். கூலிக்கும் ஃபைல் இழப்புக்கும் சேர்த்து நுகர்வோர் புகார் எழுதிக் கொடுத்தாயிற்று.