நாகையிலிருந்து சீனம்: இலவச இணையப் படிப்புகளோடு சில ஆண்டுகள்

இனம், காலனிய நீக்கம் (காலனியப் பார்வையிலிருந்து விடுபடுதல்), பண்பாடு ஆகியவை பற்றிய படிப்புகளையும் தொடக்கநிலைச் சீன மொழியையும் சில ஆண்டுகளாக நாகப்பட்டினத்தில் இருந்தபடியே இணையத்தில் கட்டணமின்றிப் பயின்று வருகிறேன். ஐரோப்பாவை நடுவில் வைத்தே உலகைப் பார்க்கும் பழக்கம் என்னிடம் தளர்ந்ததற்குக் காலனிய நீக்கப் படிப்புகளைவிடச் சீனப் பாடங்களே அதிகம் உதவின என்பது என் மதிப்பீடு.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006இல் தொடங்கிய ஓப்பன்லேர்ன் தளத்தில் பாடங்களும் பங்கேற்புச் சான்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. சீனத்துக்குக் கோர்சேரா என்ற இணையக் கல்வித் தளத்தில் பீக்கிங் பல்கலைக்கழகம் வழங்கும் தொடக்கநிலைப் பாடங்கள் எனக்கு ஏற்றவையாக இருந்தன. வேறொரு தளத்தில், நான் பாதிப் படிப்பில் இருந்தபோது, பயிற்சித் தேர்வுகள் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று மாறிவிட்டன. எனவே எதில் சேர்ந்தாலும் குறிப்புகளை அவ்வப்போது எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இனம் என்பது உயிரியல் வகைப்பாடு அன்று என்பதைப் பாடங்கள் தெளிவாக விளக்கின. மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட்குழுவுக்குள்ளேயே இருப்பதாக மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1972இல் கணக்கிட்டது இதற்கு அடிப்படையான சான்றுகளுள் ஒன்று. ஆனால் நான் பயின்றவற்றில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அட்லாண்டிக் அடிமை வணிகத்தையும் பிரிட்டனின் அருங்காட்சியகங்களையுமே சுற்றி வந்தன. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்துகொண்டு தென்னிந்தியச் சாதியினரின் மூக்கையும் மண்டையையும் அளந்த எட்கர் தர்ஸ்டன் அவற்றில் இல்லை. நாகைத் துறைமுகத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிய கூலித் தொழிலாளர்களும் இல்லை. சாதி ஓரிரு வரிகளில் கடந்துபோனது. 1620 முதல் டேனியர் இருந்த தரங்கம்பாடி, 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்கால், 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றிய நாகை ஆகிய மூன்றையும் ஒரே பேருந்துத் தடத்தில் பார்க்கும் எங்களுக்கு, காலனியம் என்றாலே பிரிட்டன் என்று கொள்ளும் பாடத்திட்டம் போதாது.

சீனப் பாடங்களில் பெரிய தடை ஒலிப்புதான். சொல்லின் பொருளையே மாற்றும் நான்கு தொனிகள் பழகப் பழகப் பிடிபடுகின்றன. ஆனால் சீன ஒலிகளை உரோமன் எழுத்தில் எழுத 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் முறையின் எழுத்துகளை ஆங்கிலம்போல் படித்தால் தவறாகிவிடும். அதில் ‘b’, ‘p’ எனும் இரு எழுத்துகளும் குரல்நாண் அதிராத ‘ப்’ ஒலியையே குறிக்கின்றன. ‘p’இல் மூச்சுக்காற்று பலமாக வெளிவரும் என்பதே வேறுபாடு. மூச்சொலி தமிழில் இல்லாததால் எனக்கு இது நெடுநாள் பிடித்தது. மாறாக, ஆங்கிலேயர் திணறுவதாகப் பாடம் நீளமாக விளக்கும் சீன ‘ர’ நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது. டெல்டாவில் பலர் ‘வாளப்பளம்’ என்று சொல்வது வேறு கதை. பாடத்தின் ஆங்கில ஒப்பீடுகளை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கத் தொடங்கிய பிறகே என் ஒலிப்பு திருந்தியது.

சில நூறு எழுத்துகள் பழகியபின், 1409ஆம் ஆண்டு தேதியிட்டதும் இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டதுமான, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹவின் மும்மொழிக் கல்வெட்டின் படத்தைப் பார்த்தேன். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவமான தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. சீனப் பகுதியில் புத்தரைக் குறிக்கும் எழுத்தை நானே கண்டுகொண்டபோது, அதுவரை மொழிபெயர்ப்பில் மட்டும் படித்திருந்த செய்திகளை மீண்டும் தேடிப் படித்தேன்: 1015இலும் 1077இலும் சீனத்தின் சோங் அரசவைக்குச் சென்ற சோழத் தூதுகள், சீனத் துறைமுகமான சுவான்சௌவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சீனக் கோபுரம் என்று அழைக்கப்பட்டு 1867இல் இடிக்கப்பட்ட நாகையின் புதுவெளிக் கோபுரம். இவற்றில் தூதுகளுக்கும் கல்வெட்டுக்கும் ஐரோப்பியர் இடையாள் ஆகவில்லை. காலனிய நீக்கப் பாடங்களில் நான் தேடியது இதைத்தான்.

சீனப் பாடங்களிலும் குறை உண்டு. பண்பாட்டுப் பகுதி தேநீர், திருவிழா, எழுத்துக்கலை என்று மங்களகரமாகவே செல்கிறது. பாடங்கள் கற்பிக்கும் மாண்டரின் எவ்வாறு பொதுமொழியாக்கப்பட்டது என்பதில் அது நுழைவதில்லை. பினாங்கிலோ ஈப்போவிலோ உறவினர் உள்ள நம்மூர்க் குடும்பங்கள் அங்கே கேட்ட சீனம் பெரும்பாலும் ஹொக்கியன், கன்டனீசு என்ற வேறு சீன வழக்குகள் ஆகும். பேச்சைத் திருத்த ஆளில்லை என்பதும் பெருங்குறை. கைப்பேசியில் என் குரலைப் பதிவுசெய்து பாடத்தின் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன், அது ஓரளவுக்கே உதவுகிறது.

இரண்டையும் பயில விரும்புவோர் சீனத்தை முதலில் தொடங்கலாம். ஓப்பன்லேர்ன் படிப்புகளைக் கோப்புகளாகத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி உள்ளதால், ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரமும் இணையமும் தடைப்படும் நாள்களில் இனம் பற்றிய பாடங்களைப் படித்துக்கொள்ளலாம்.