பானட் இடுக்கில் சேரும் மண்: ஃபோம் டேப்பா, கிளிப் பீடிங்கா?

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா மாதிரி வண்டிகளில் பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கத் தகடு) நடுவே நன்றாகத் தெரிகிற ஒரு இடைவெளி இருக்கும். கம்பெனிக்காரர்கள் சோம்பலில் விட்டது இல்லை அது. மூன்றுமே ஏணிச் சட்டம் போன்ற சேஸியின் மேல், ரப்பர் மவுண்ட் வைத்துப் பாடியைப் பூட்டிய வண்டிகள். ஒரு சக்கரம் பள்ளத்திலும் இன்னொன்று மேட்டிலும் ஏறும்போது சேஸி முறுக்கிக்கொள்ளும், பாடியும் கொஞ்சம் அசையும். தகடுகள் ஒட்டி நின்றால் ஒன்றோடொன்று உரசி பெயின்டைத் தின்றுவிடும். ஆக இடைவெளி இருக்கத்தான் வேண்டும். அதற்குள் போய்ச் சேர்வதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

என்ன சேரும் என்பது நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல், ஈரத்தில் ஊதிப் பிசின் மாதிரி ஒட்டும். காய்ந்தால் சுத்தியால் தட்டினாலும் வராது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் அதற்கு நேர் எதிர். எங்கேயும் ஒட்டாது, ஆனால் எந்த இடுக்கிலும் நுழையும். ஊரில் மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு வேப்பிலையும் புளிய இலையும். இலைதானே என்று விடக்கூடாது. மக்கிய இலை ஈரத்தைப் பிடித்து வைக்கும், தண்ணீர் வடியும் ஓட்டையையும் அடைக்கும். ஈர மண் தகட்டோடு அப்பிக் கிடந்தால் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அந்த இடம் மட்டும் நனைந்தே இருக்கும். துரு பிடிப்பது அங்கிருந்துதான்.

எனக்குத் தெரிந்து நான்கைந்து வழிகள் இருக்கின்றன. பசை உள்ள ஃபோம் டேப், தகட்டு விளிம்பில் மாட்டும் ரப்பர் பீடிங், வலை, இடுக்கில் பூசி இறுகவிடும் சீலன்ட். எதுவும் செய்யாமல் திறந்து விடுவது ஐந்தாவது. என் தாரில் பானட்டின் இடது பக்கம் ஃபோம் டேப், வலது பக்கம் கிளிப் பீடிங் என்று போட்டு வடகிழக்குப் பருவமழை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். இப்போது இரண்டு பக்கமும் பீடிங்தான். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஃபோம் டேப்பின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. மலிவு, எந்த வளைவுக்கும் வளையும், கத்தரிக்கோல் போதும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழியுங்கள். ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் கக்கினால் அது திறந்த துளை ஃபோம், வண்டிக்கு ஆகாது. கக்காதது மூடிய துளை ஃபோம், அதுதான் வேண்டும். ஒட்டும் இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, ஒட்டிய பிறகு மூன்று நாளாவது வாட்டர் வாஷ் பக்கம் போகாமல் இருங்கள். இந்த வகை அக்ரிலிக் பசைகள் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். ஒட்டிய அன்று மாலையே பிரஷர் தண்ணீர் அடித்தால் ஓரம் கிளம்பாமல் என்ன செய்யும்?

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஃபோம் டேப்பில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. அதைக் கழற்றி மறுபடி மாட்ட முடியாது. எடுத்தால் பசை பாதி தகட்டில் நிற்கும். எடுக்காவிட்டால் ஓரத்தில் நூல் அளவு கிளம்பிய இடத்தில் சேறு போய் உட்காரும், மேலே பார்த்தால் தெரியவே தெரியாது. எலியும் ஒரு காரணம். ராத்திரி எஞ்சின் சூட்டுக்கு உள்ளே ஏறுகிற எலிக்கு ஃபோம் கிடைத்தால் கூடு கட்டப் பஞ்சு கிடைத்த கணக்கு. பீடிங்கைக் கடிக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் வண்டியில் பிய்ந்தது ஃபோம்தான்.

இனி பீடிங். கடையில் பீடிங் என்று மட்டும் கேட்டால் கதவு ஓரத்துக்கு அழகுக்குப் போடும் பிளாஸ்டிக் பட்டையை எடுத்து நீட்டுவார்கள். உள்ளே உலோகக் கிளிப் வைத்த 'ப' வடிவப் பிடியும், அதன் பக்கத்திலோ தலையிலோ குழாய் மாதிரி உள்ளீடற்ற ரப்பரும் சேர்ந்து வருவதைக் கேளுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ரப்பர் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பராக இருக்கட்டும். வெயில், ஓசோன், எஞ்சின் சூடு மூன்றையும் தாங்கும். அதற்கு ஆகாதது எண்ணெயும் டீசலும், பட்டால் ஊதிவிடும். அதனால் கிரீஸ் தடவ வேண்டாம், சிலிகான் ஸ்ப்ரே போதும்.

குழாயின் தடிமன்தான் முக்கியம். பானட்டை மூடும்போது அது மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும். அதற்கு மேல் தடித்ததைப் போட்டால் பானட் மேலே தள்ளி நிற்கும், பூட்டும் கொக்கியில் பாரம் விழும். இடைவெளியை அளக்க ஸ்கேல் எல்லாம் உதவாது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி நான்கைந்து இடத்தில் வைத்து, பானட்டை மூடித் திறந்து, நசுங்கிய கனத்தைப் பாருங்கள். முன்னால் ஒரு அளவு, கண்ணாடிப் பக்கம் இன்னொரு அளவு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பீடிங்குக்கும் குறை உண்டு. ரப்பருக்கும் பெயின்டுக்கும் நடுவே தூசி மாட்டினால், வண்டி குலுங்கக் குலுங்க அது உப்புத்தாள் வேலை பார்க்கும். பானட்டின் அடியில் ரப்பர் தொடும் கோட்டில் பெயின்ட் மங்குவதைப் பார்க்கலாம். அந்தக் கோட்டில் மட்டும் பி.பி.எஃப். என்கிற, பெயின்டைக் காக்கும் ஒளி ஊடுருவும் ஃபிலிம் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டிவிட்டால் தீர்ந்தது. வெட்டிய முனையில் உள்ளே இருக்கும் கிளிப் வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். முனையில் ஒரு சொட்டு பெயின்ட் வைத்தால் நல்லது.

சரி, இவ்வளவு குறை இருந்தும் ஏன் பீடிங்? அடைப்பது எதுவாக இருந்தாலும் உள்ளே ஏதோ கொஞ்சம் போகத்தான் செய்யும். நுழைந்தது வெளியே வர வழி இருக்கிறதா, அந்த வழியைக் கையால் திறக்க முடிகிறதா என்று நான் பார்த்தேன். எவ்வளவு நன்றாக அடைக்கிறது என்பதற்கு எனக்கு இரண்டாம் இடம்தான். பீடிங்கை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். அடியில் தங்கிய சேற்றை பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, மறுபடி அழுத்தி மாட்ட ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகாது. எனக்கு இதுதான் தீர்ப்பு. மழைக்கு முன்னால் ஃபோமும் பீடிங்கும் ஒன்று போலத்தான் தெரிந்தன. மழை முடிந்து திறந்தபோது பீடிங் பக்கம் 'ப' பிடிக்குள் செம்மண் இருந்தது, நிஜம். ஆனால் கழுவினேன், போனது. ஃபோம் பக்கம் இருந்ததைக் கழுவ முதலில் ஃபோமையே சுரண்ட வேண்டியிருந்தது.

வெளியே வர வழி என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எதைப் போட்டாலும் கீழ்ப் பக்கத்தை அடைக்காதீர்கள். கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் போகும். தூசி வருகிறது என்று அதன் மேல் டேப் ஒட்டிய கதவுகளைப் பார்த்திருக்கிறேன். வெளியே பளபளப்பு, உள்ளே தண்ணீர்த் தொட்டி. மேலிருந்து விழுவதை மறிப்பது, கீழே இறங்குவதை விட்டுவிடுவது என்பதுதான் என் கணக்கு. பீடிங்கைக் கூட பானட்டின் பக்கவாட்டில் மட்டும் போட்டேன், ஃபெண்டரும் பாடியும் கீழே சேரும் இடத்தைத் தொடவில்லை.

வலை வேறு வேலைக்கு. வைப்பர் தண்டு நிற்கும் கௌல் பகுதிக்கு வலையை மிஞ்சியது இல்லை. ஏசிக்கு வெளிக்காற்று அந்தப் பக்கமாகத்தான் போகிறது, அங்கே ரப்பரோ ஃபோமோ போட்டு மூட முடியாது. கண் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருந்தால் புளிய இலையில் பெரும்பகுதி நின்றுவிடும். கொசுவலை அளவுக்கு நெருக்கமாகப் போனால் தூசியே அடைத்துக் காற்றை மறிக்கும். போடும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைக் கௌலில் ஊற்றி, இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பின்னால் ஒழுங்காக வடிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் வராவிட்டால் முதல் வேலை அதுதான், வலை அப்புறம்.

சீலன்டைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. அசையும் இடுக்கில் போட்டால் கிழியும், அசையாத இடத்தில் கம்பெனியே போட்டிருக்கும். வினிகர் வாசனை அடிக்கும் சாதா சிலிகான் தகட்டையே அரிக்கும்; அதைப் பாத்ரூமோடு விட்டுவிடலாம். பாலியூரித்தேன் சீலன்ட் நல்ல சரக்குதான். ஆனால் வண்டியை விற்கும் நாளை யோசியுங்கள். பழைய வண்டி பார்க்க வருகிறவர் முதலில் பானட் விளிம்பையும் கதவு ஓரத்தையும்தான் விரலால் தடவிப் பார்ப்பார். கம்பெனி சீலன்ட் கோடு ஒரே சீராக இருக்கும், கையால் போட்டது நெளியும். நெளிந்ததைப் பார்த்ததும் 'டிங்கரிங் ஆன வண்டி' என்று விலையைக் குறைக்கத் தொடங்கிவிடுவார். மண் புகாமல் இருக்கப் போட்டது என்று நீங்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? பீடிங் இருந்தால் உருவிக் காட்டலாம்.

திறந்தே விடுவதையும் நான் கேலி செய்ய மாட்டேன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தால் இது புரியும். தினமும் ஓடுகிற வண்டி, தினமும் ஹோஸ் பிடித்து அடிக்கிற தண்ணீர். உள்ளே போகிற மண் அன்றைக்கே வெளியே வந்துவிடும். வாரக் கடைசியில் காட்டுக்குப் போய்விட்டு மற்ற நாளெல்லாம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தாது. அதில் சேறு அடுத்த வாரம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பின்கதவு வழியாகத் தூசி வருகிறது என்பவர்களுக்கு இவை எதுவும் பெரிதாக உதவாது. செங்குத்தான பின்பக்கத்துக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து தூசி சுழன்று ஒட்டும். கதவு ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்னால் வண்டி எதுவும் இல்லாத மண் ரோட்டில் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை வெளிக்காற்றில் வைத்து, ஃபேனைக் கூட்டி ஓட்டிப் பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடும், தூசி வருவது குறையும். ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் அந்த இடம் பிடிக்கவில்லை.

என் வண்டி உள்நாட்டு வண்டி, உப்புக் காற்று படாதது. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் தினமும் நிற்கும் வண்டியில் பீடிங்கின் உலோகக் கிளிப் எவ்வளவு காலம் தாங்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அங்கே அடிக்கடி உருவிப் பார்ப்பது நல்லது. பழைய லேண்ட்ரோவர் டிஃபென்டர் வைத்திருப்பவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பல தகடுகள் அலுமினியம். எஃகுக் கிளிப்போ எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலையோ ஈரத்தோடு அதைத் தொட்டால் அலுமினியம்தான் முதலில் பொரியும். அவர்களுக்குக் கிளிப் இல்லாத பசை பீடிங்கும் நைலான் வலையும்தான் சரி. கழற்றி மாட்டும் வசதி அதில் கிடையாது, அது வேறு விஷயம்.

மற்றவர்கள் புரட்டாசியில், மழை பிடிக்கும் முன்னால், ஒரு தடவையும் மழை விட்ட பிறகு ஒரு தடவையும் பீடிங்கை உருவிக் கழுவினால் போதும். மாட்டும்போது கையால் அழுத்துங்கள். சுத்தியால் தட்டினால் உள்ளே கிளிப் வாய் பிளந்துவிடும், அப்புறம் அது எந்த விளிம்பிலும் நிற்காது.