அம்மாவுக்கு ஸ்மார்ட் வாட்சா, பேஜரா?

அம்மாவுக்குக் காது மந்தம். வெளியே போகும்போது செவிக்கருவி போட்டுக்கொள்வார்; வீட்டுக்கு வந்ததும் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். அப்புறம் கேட்டில் யார் நின்று கத்தினாலும் தெரியாது. சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் தாமான் வீட்டுக்கு மூன்று வழிகளைப் பார்த்தோம்: ஸ்மார்ட் வாட்ச், வெளிநாட்டு எச்சரிக்கைக் கருவித் தொகுப்பு, கேட்டில் பட்டனை அழுத்தினால் உடம்பில் மாட்டியபடி அதிரும் சாதாரண ரேடியோ பேஜர். வாங்கியது பேஜர். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று சொல்லமாட்டேன்.

வாட்ச் பார்க்க அழகு, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் 2020-இல் ஒலியை அடையாளம் காணும் வசதி வந்தது. கதவு மணி, புகை அலாரம், குழந்தை அழுகை எல்லாவற்றையும் போன் கேட்டு, கையில் கட்டியிருக்கும் வாட்சை அதிரவைக்கும். ஆனால் கேட்பது போனின் மைக். தகரக் கூரையில் மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மைக் மட்டும் என்ன செய்யும்? அவசர நேரத்தில் இதை நம்பியிருக்க வேண்டாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. பேஜர் சத்தத்தைக் கேட்பதில்லை. கேட்டில் ஒட்டிய பட்டனை அழுத்தினால் ரேடியோ அலை போகும், அவ்வளவுதான். மழைக்கும் டிவி நாடகத்துக்கும் அதில் வேலையில்லை.

எங்களுக்கு முடிவைக் கொடுத்தது பேட்டரி. வாட்சைத் தினமும் சார்ஜ் போட வேண்டும். ஆப்பிள் வாட்சின் பல மாடல்களுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கே 18 மணி நேரம். போனும் சார்ஜில் இருக்க வேண்டும், இரண்டுக்கும் இணைப்பு அறுந்துவிடக் கூடாது. இதையெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பேஜருக்கு இரண்டு ஏஏஏ பேட்டரி போதும், எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். பட்டனுக்குள் இருப்பது சுண்டுவிரல் நுனி அளவுள்ள 23ஏ, 12 வோல்ட் பேட்டரி. ஆட்டோகேட் ரிமோட் சிலவற்றில் போடுவதும் அதேதான், சாவி வெட்டும் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கரண்ட் போனாலும் மணி வேலை செய்யும்.

ஒரு தொல்லை உண்டு. கேட்டில் உள்ள பட்டனின் பேட்டரி இறங்கினால் அது சத்தமில்லாமல் செத்துவிடும், உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அதனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன் யாராவது போய் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறோம். அணிவதிலும் பழக்கம் வேண்டும். கழுத்தில் தொங்கவிட்டால், குனிந்து கூட்டும்போது பேஜர் உடம்பை விட்டு விலகி ஆடும், அதிர்வு தெரியாது. கைலி மடிப்பில் கிளிப் போட்டு இடுப்போடு ஒட்டி வைத்த பிறகுதான் அம்மாவுக்குச் சரிப்பட்டது.

வெளிநாட்டுத் தொகுப்பை ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நேரம் பார்த்ததோடு சரி. எத்தனை வருடம் உழைக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சுவீடனின் பெல்மன் விசிட் மாதிரியான தொகுப்புகளில் கதவு, போன், புகை அலாரம் என்று தனித்தனி அனுப்புகருவிகள் உண்டு. கையில் கட்டுவதும் உண்டு, தலையணைக்கடியில் வைக்கும் அதிர்வுத் தட்டும் உண்டு. விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஐரோப்பிய மாடல் 868 மெகாஹெர்ட்ஸ் என்ற ரேடியோ அலைவரிசையில் ஓடுவதால், இங்கே கடையில் கிடைக்கும் மலிவு பட்டனை அதோடு சேர்க்க முடியாது. ஒன்று கெட்டால் அதே தொகுப்புக்கான பாகத்தை வரவழைக்க வேண்டும்.

ஆனால் தீ விஷயத்தில் பேஜர் இந்தத் தொகுப்பின் பக்கத்தில் நிற்க முடியாது. சாதாரணப் புகை அலாரம் 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் கீச்சிடும். வயதானவர்களுக்கு முதலில் போவது அந்த உயர்ந்த ஒலிதான். 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி அவர்களை நன்றாக எழுப்பும், அதிர்வுத் தட்டும் அப்படியே. இரவில் தம்பி பக்கத்து அறையில் படுக்கிறான், அதனால் எங்களுக்குப் பேஜர் போதும். அம்மா தனியாகப் படுப்பவராக இருந்தால், கடன் வாங்கியாவது அந்தத் தொகுப்பைத்தான் எடுத்திருப்பேன்.