தனித்து வாழும் முதியோருக்குச் சரிகம கார்வான்

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டால், காணொளி அழைப்புத் திரை முதல் பேசும் ஒலிபெருக்கி வரை கடைக்காரர் பலவற்றை எடுத்து வைப்பார். அவற்றுள் சாமர்த்தியம் மிகக் குறைந்த கருவியான சரிகம கார்வான் என்ற பாட்டுப்பெட்டியின் தமிழ்ப் பதிப்பையே என் அத்தைக்காக வாங்கினேன்.

2017-இல் இந்திப் பாடல்களுடன் அறிமுகமாகிப் பின்னர் தமிழிலும் வந்த இப்பெட்டி, பழைய டிரான்சிஸ்டரின் தோற்றத்தில் 5,000 பாடல்களைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. சரிகம, எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் வழிவந்த நிறுவனம் என்பதால், டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, எம்.எஸ். விசுவநாதன் காலத்துப் பாடல்களுக்குப் பஞ்சமில்லை. இணைய இணைப்பு, கடவுச்சொல், மாதச் சந்தா எதுவும் தேவையில்லை. குமிழைத் திருப்பினால் பாடத் தொடங்கிவிடும். சொல்லித்தர ஆளில்லாத வீட்டில், புதிதாகக் கற்க வேண்டிய எந்தக் கருவியும் விரைவில் அலமாரிக்குப் போய்விடுகிறது என்பதால், இந்த எளிமையை நான் பெரிதாக மதிக்கிறேன். குரலால் இயங்கும் அலெக்சா இதைவிட எளிது என்பார்கள். 2019-இல் இந்திக்குப் பழகிய அதனிடம் தமிழில் உரையாட முடியாது என்பதால், ஆங்கிலம் அறியாத அத்தைக்கு அது உதவாது.

குறைகளும் உண்டு. திரை சிறியது. ஒரு பாடகரைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, விரும்பிய பாடல் ஒன்றைப் பெட்டியிலேயே தேடி எடுக்க இயலாது.

ஆனால் இந்தக் கடைசிக் குறையே எங்களுக்கு நன்மையாக முடிந்தது. அடுத்து என்ன பாட்டு வரும் என்று தெரியாததால், நெடுங்காலம் கேளாத பாடல் ஏதேனும் வந்துவிட்டால், அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்ற ஆவல் அத்தைக்கு எழுகிறது. சாப்பாடு, மாத்திரை, மழை என்று மூன்று கேள்விகளில் முடிந்துபோன எங்கள் தொலைபேசிப் பேச்சு, இப்போது அந்தப் படத்தை எந்தக் கொட்டகையில், யாருடன் பார்த்தார் என்பது வரை நீள்கிறது. தானாக அழைக்கத் தயங்கியவர் இப்போது அவரே அழைக்கிறார். பெட்டி மதிய நேரத்து மௌனத்தைத்தான் போக்குகிறது; தனிமையைக் குறைப்பது அந்த அழைப்பு என்பதால், வாங்கிக் கொடுத்துவிட்டு அழைப்பை எடுக்காமல் இருப்பவர்களுக்கு இதனால் பெரிய பயனில்லை.

காது மந்தமானவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாட்டைவிடப் பேச்சுத்துணையே தேவைப்படுவோர், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை முதலில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.