வெளிநாட்டுச் சந்தைக்கு அரசு உதவி: புதுச்சேரியிலும் கடலூரிலும் எது தேறும், எது தேறாது

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு பக்கம் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கும், மறுபக்கம் 33. கம்பெனி பதிவு எண்ணில் ஒன்றுக்கு பிஒய், மற்றதற்கு டிஎன். மென்பொருளை வெளிநாட்டில் விற்கக் கிளம்பும் ஸ்டார்ட்அப்புக்கு எந்த அரசின் கதவு திறக்கும் என்பதை இந்த இரண்டு எழுத்துகள் தீர்மானிக்கின்றன. மத்திய அரசு தருவது இரு ஊருக்கும் ஒன்றே. மாநிலம் தருவது பதிவு அலுவலகம் இருக்கும் பக்கத்துக்கு மட்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆட்களை உட்கார வைத்துவிட்டு, பதிவு முகவரியை மட்டும் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் போட்டிருந்தால், தமிழக அரசு ஸ்டார்ட்அப்புகளுக்குத் தரும் டான்சீட் தொடக்க நிதிக்கு விண்ணப்பத்திலேயே தகுதி போய்விடும்.

மொத்தத்தில், வரியையும் கட்டணத்தையும் விட்டுக்கொடுக்கும் உதவிகள் நன்றாக வேலை செய்கின்றன. பணமாகக் கைக்கு வரும் உதவிகள் பெரும்பாலும் நீங்கள் செலவழித்த பிறகு திருப்பித் தருபவை. அவற்றை நம்பி விமான டிக்கெட் எடுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே நிற்பது பேங்க். சிக்கல்களில் பாதி அங்கேதான் முளைக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். எல்யூடி எனப்படும் உறுதிமொழிக் கடிதத்துக்குப் பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம். ஏற்றுமதிச் சேவைக்கு ஜிஎஸ்டி பூஜ்ய விகிதம். ஏற்றுமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டியைக் கட்டாமலே இன்வாய்ஸ் போட, ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி-11 படிவத்தை நிரப்பினால் போதும். கட்டணம் கிடையாது, பேங்க் கியாரண்டி கேட்பதில்லை. இரண்டு சாட்சிகளின் பெயர், தொழில், முகவரி போட்டு டிஜிட்டல் கையெழுத்தோ ஓடிபியோ கொடுத்தால் ஏஆர்என் என்ற ஒப்புகை எண் உடனே வந்துவிடும். ஒரே குறை, அது ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். மார்ச் 31 தாண்டியதும் காலாவதி. ஏப்ரல் முதல் வாரத்தில் இன்வாய்ஸ் போட்டுவிட்டு மே மாதம் எல்யூடி போடுகிறவர்கள் ஏராளம். அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். தாமதத்தைப் பின்தேதியிட்டு மன்னிக்கலாம் என்று 2018-இன் 37-ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. அதிகாரி கேட்டால் காட்டப் பிரதி எடுத்து வையுங்கள்.

எல்யூடி போட்டதாலேயே ஏற்றுமதி ஆகிவிடாது. சேவை தருபவர் இந்தியாவில், வாங்குபவர் வெளிநாட்டில், சேவை நடக்கும் இடம் வெளிநாடு, பணம் வெளிநாட்டு நாணயத்தில் அல்லது ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் ரூபாயில், இரு தரப்பும் ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளாக இருக்கக் கூடாது. இந்த ஐந்தும் சேர வேண்டும். வாடிக்கையாளர் பாரிஸில் இருந்து, அவருடைய சென்னைக் கிளை ரூபாயில் பில் கட்டினால் அது ஏற்றுமதிக் கணக்கில் நிற்காது. எல்யூடியில் அனுப்பிய சேவைக்கு ஓராண்டுக்குள் பணம் வராவிட்டால் ஐஜிஎஸ்டியை 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

தேங்கிய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறும் ஆர்எஃப்டி-01 அவ்வளவு இனிமையானதல்ல. லேப்டாப், சர்வர் போன்றவற்றை மூலதனப் பொருளாகக் கணக்கில் ஏற்றியிருந்தால், அவற்றுக்குக் கட்டிய வரி ரீஃபண்ட் சூத்திரத்தில் வராது. கிளவுட் வாடகை, ஆபீஸ் வாடகை, ஆடிட்டர் கட்டணம் ஆகியவற்றின் வரி வரும். இன்னொரு பொறி: சேவை ஏற்றுமதியில் அந்தக் காலத்தில் உண்மையில் வந்துசேர்ந்த பணமே கணக்கு, இன்வாய்ஸ் தொகை அல்ல. எனவே ஒவ்வொரு இன்வாய்ஸுக்கு எதிரிலும் பேங்க் தரும் வரவுச் சான்றின் எண்ணைக் கோத்து வைக்காதவர்களின் மனு குறைபாட்டுக் குறிப்போடு திரும்பி வருகிறது. மனுவுக்கு அவகாசம் இரண்டு ஆண்டு.

இனி சாஃப்டெக்ஸ். சரக்கு ஏற்றுமதிக்குச் சுங்கத்துறையின் ஷிப்பிங் பில் இருக்கிறது. கம்பி வழியே போகும் மென்பொருளுக்கு அந்த வேலையைச் செய்வது சாஃப்டெக்ஸ் படிவம். மத்திய அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பான எஸ்டிபிஐ அதைச் சான்றளிக்கிறது. நம் இரு ஊர்களுக்கும் சென்னை இயக்குநரகமே எல்லை. அதன் எஸ்டிபி பூங்காத் திட்டத்தில் சேராத நிறுவனமும் ‘நான்-எஸ்டிபி’ யூனிட்டாகப் பதிந்துகொண்டு இதைச் செய்யலாம். இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். இன்வாய்ஸ் நிறைய உள்ளவர்கள் மாதம் முழுவதுக்கும் ஒரே தொகுப்பாகப் போடலாம். முதல் முறை ஒப்பந்தப் பிரதி கேட்பார்கள். இணையதளத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அமுக்கிச் சந்தா கட்டும் வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் எங்கே இருக்கும்? சேவை விதிமுறைப் பக்கத்தையும் ஆர்டர் பதிவையும் சேர்த்துக் கொடுப்பதுதான் வழி. படிவம் இன்னும் பழைய கால ‘புராஜெக்ட்’ வேலையை மனதில் வைத்தே இருக்கிறது. சந்தா வியாபாரத்துக்கு அது ஒட்டாது. பத்துக்கு ஐந்து.

சாஃப்டெக்ஸ் போட்ட தொகை ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் கணக்கில் பாக்கியாக நிற்கும். வரும் பணத்தை பேங்க் அதோடு பொருத்தி முடிக்க வேண்டும். இங்கேதான் வழக்கமான கோளாறு. 5,000 டாலர் இன்வாய்ஸ் போட்டால், இடையிலுள்ள பேங்க் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு 4,975 டாலர் அனுப்பும். மீதி 25 டாலர் பாக்கியாக ஆண்டுக்கணக்கில் தொங்கும். வாடிக்கையாளரிடம் ‘ஓயூஆர்’ முறையில் அனுப்பச் சொன்னால் கட்டணம் முழுவதும் அவர் தலையில்; ‘எஸ்எச்ஏ’ என்றால் அவருடைய பேங்க் கட்டணம் மட்டும் அவருக்கு, மற்றது உங்கள் தலையில். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. 10 லட்சம் ரூபாய் வரையிலான பாக்கிகளை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியை வைத்தே முடித்துவிடலாம் என்று 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தளர்த்தியது உண்மையிலேயே பயனுள்ள மாற்றம். ஆனால் கிளையில் அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

பணம் எதற்காக வந்தது என்று பேங்கில் குறிக்கும் பர்பஸ் கோடு இன்னொரு தலைவலி. மென்பொருள் ஆலோசனைக்கு பி0802, இங்கிருந்தே செய்து அனுப்பும் மென்பொருள் ஏற்றுமதிக்கு பி0807. எதை எழுதினாலும் பணம் வந்துவிடும். ஆனால் சாஃப்டெக்ஸ் போட்டுவிட்டு வேறு கோடில் பணம் வாங்கினால் பொருத்தம் நடக்காது. கணக்கு தொடங்கும் முன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் கிளையே அந்நியச் செலாவணி பார்க்குமா, இல்லை காகிதம் சென்னைக்குப் போகுமா?” சென்னைக்குப் போகும் என்றால், ஒவ்வொரு வரவுச் சான்றுக்கும் அந்தத் தாமதத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான ஐஇசி அடையாள எண்ணுக்குக் கட்டணம் 500 ரூபாய், பான் எண்ணே ஐஇசி. சேவை ஏற்றுமதிக்கு அது எப்போதும் கட்டாயமில்லை. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் சலுகை கேட்டால்தான் வேண்டும். ஆனால் கீழே சொல்லப்போகும் திட்டங்களுக்கு இல்லாமல் முடியாது, எனவே எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், எதுவும் மாறாவிட்டாலும், தளத்தில் நுழைந்து உறுதிசெய்ய வேண்டும். அந்த மூன்று மாதம் இலவசம். மறந்தால் எண் செயலிழக்கும்.

எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் சர்வதேச ஒத்துழைப்புத் திட்டத்தில், புதிதாக ஏற்றுமதி செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒரு பகுதி இருக்கிறது. ஏற்றுமதி கவுன்சில் உறுப்பினர் கட்டணத்தில் 75 சதவீதம், உச்சவரம்பு 20,000 ரூபாய். வாங்குபவர் பணம் தராமல் போனால் ஈடு தரும் இசிஜிசி ஏற்றுமதிக் காப்பீட்டின் பிரீமியத்துக்கு 10,000 ரூபாய் வரை. சோதனை, தரச் சான்றிதழுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். கடைசித் தொகைதான் கவனிக்க வேண்டியது. ஐரோப்பிய வாடிக்கையாளர் முதலில் கேட்பது தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றைத்தான், அதன் தணிக்கைச் செலவு சிறிய கம்பெனிக்குக் கனமானது. அமெரிக்கர்கள் கேட்கும் எஸ்ஓசி 2 சான்றிதழ் அல்ல, ஒரு தணிக்கை அறிக்கை. அதைச் ‘சான்றிதழ்’ என்று எழுதி விண்ணப்பித்தால் கேள்வி வரும். அதே திட்டத்தில் வெளிநாட்டுக் கண்காட்சிக்கான விமானக் கட்டணமும் உண்டு. ஆனால் தனி நிறுவனம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, தொழில் சங்கமோ அரசு அமைப்போ குழுவாக அழைத்துப் போக வேண்டும்.

இணையத்தில் சுற்றும் பழைய வழிகாட்டிகள் வெளிநாட்டுச் சந்தையில் நுழைய உதவிய வணிக அமைச்சகத்தின் எம்ஏஐ திட்டத்தைப் பற்றி இன்னும் பேசுகின்றன. 2025 நவம்பரில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கம் அதையும் வட்டிச் சலுகைத் திட்டத்தையும் விழுங்கிவிட்டது. 2025-26 முதல் 2030-31 வரை 25,060 கோடி ரூபாய்; நிதி உதவிக்கு ‘நிர்யாத் புரோத்சாகன்’, சந்தை நுழைவு போன்றவற்றுக்கு ‘நிர்யாத் திஷா’ என இரண்டு கிளைகள். அறிவிப்பிலேயே முன்னுரிமை ஜவுளி, தோல், நகை, பொறியியல், கடல்சார் பொருள்களுக்கு என்று இருக்கிறது. கடலூர் துறைமுகப் பக்கம் இறால் அனுப்புகிறவருக்கு இது மென்பொருள்காரரைவிட நெருக்கமான திட்டம்.

அறிவுசார் சொத்துப் பக்கம் கலவையான அனுபவம். ஸ்டார்ட்அப்புக்கு இந்தியாவில் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதத் தள்ளுபடி. டிரேட்மார்க் விண்ணப்பம் 9,000 ரூபாய்க்குப் பதில் 4,500. ஆனால் இவை இந்திய அலுவலகத்துக்கு மட்டும். டிரேட்மார்க்கை வெளிநாட்டில் பதிய, 2013 ஜூலை முதல் இந்தியா சேர்ந்துள்ள மாட்ரிட் முறையில், ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம். கவனம்: முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இந்தியாவிலுள்ள மூல விண்ணப்பம் விழுந்தால் எல்லா நாட்டிலும் விழும். இந்தியாவில் யாராவது எதிர்ப்பு மனு போட வாய்ப்புள்ள பெயரை மாட்ரிட்டில் கொண்டுபோவது அசட்டுத்தனம். காப்புரிமைக்கு இந்தியாவில் முதலில் போட்டு 12 மாதத்துக்குள் பிசிடி என்ற சர்வதேச விண்ணப்பத்துக்குப் போகலாம். நேராக அமெரிக்காவில் போட ஆசைப்பட்டால், படிவம் 25-இல் அனுமதி வாங்காமல் போடக் கூடாது. சட்டத்தின் 39-ஆம் பிரிவு அப்படி. இந்தியாவில் போட்டு ஆறு வாரம் காத்திருந்தால் அந்தக் கவலை இல்லை.

மாநில உதவிக்கு வருவோம். கடலூர்க்காரர்களுக்கு டான்சீட்: பொதுவாக 10 லட்சம் ரூபாய், பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கும் பசுமை, கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கும் 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கு போகிறது. பிறகு வெளிநாட்டு முதலீட்டாளர் வரும்போது, பங்குதாரர் பட்டியலில் அரசு அமைப்பு ஏன் இருக்கிறது என்று கேட்பார். பதிலை முன்கூட்டியே எழுதி வையுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குப் பிள்ளைச்சாவடியில், முன்னாள் பொறியியல் கல்லூரி வளாகத்தில் உள்ள அடல் இன்குபேஷன் சென்டர்தான் முதல் கதவு. பிரெஞ்சுத் துணைத் தூதரகம் ஊரிலேயே இருப்பதை வைத்து ஐரோப்பியச் சந்தை எளிது என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு தெரிந்த ஆள் ஊரில் கிடைப்பது லாபம், ஆனால் அங்கே போனதும் கேட்பது 2018 மே முதல் நடப்பிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் கேட்கும் தரவு ஒப்பந்தத்தை. அதற்கு நம்மூர்த் திட்டம் எதுவும் பணம் தருவதில்லை.

கடைசியாக, எந்தத் திட்டமும் எச்சரிக்காத இடம். அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் கம்பெனி தொடங்குவது இணையத்தில் சில நிமிட வேலை. ஆனால் இந்தியக் கம்பெனி அதில் முதலீடு செய்தால், 2022 ஆகஸ்ட் விதிகளின்படி முதலில் பேங்க் வழியே படிவம் எஃப்சி போட்டு யூஐஎன் என்ற தனி அடையாள எண் வாங்கி, அதன் பிறகே பணம் அனுப்ப வேண்டும். நிறுவனர் தன் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டுப் பிறகு கம்பெனிக்கு மாற்ற நினைத்தால், சரிசெய்ய காம்பவுண்டிங், அதாவது விதிமீறலை ஒப்புக்கொண்டு தொகை கட்டித் தீர்ப்பது, வரை போக நேரும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் அந்த வெளிநாட்டுக் கம்பெனி பற்றிய ஏபிஆர் ஆண்டறிக்கை உண்டு. அங்கே ஒரு டாலர் வியாபாரம் நடக்காவிட்டாலும் உண்டு. மார்ச் 1-க்குள் டெலாவேருக்குக் குறைந்தபட்சம் 175 டாலர் பிரான்சைஸ் வரியும் 50 டாலர் அறிக்கைக் கட்டணமும் தனி.